முதல் கரண்டிச் சிரிப்பு

ஏழு மாதக் குழந்தை முதன்முதலாகப் பூசணி மசியல் சாப்பிடுவது உலக நிகழ்ச்சி அல்ல. ஆனால் அப்பா பயிற்சியாளர். கம்பெனி கம்பெனியாகப் போய் விற்பனையாளர்களுக்குத் தன்னம்பிக்கை ஊட்டுகிறவர். அவர் வீட்டில் எதுவும் சும்மா நடந்துவிடாது. ஜன்னல் திரை விலகியது. நாற்காலியில் குவிந்திருந்த துணிகள் தலைமறைவாயின. படம் எடுக்கப் போன் தயாரானது.

அந்தக் குழந்தைக்குப் பால் ஆகாது. பால்பவுடர் கொடுத்த அன்று வாந்தியெடுத்துத் துவண்டுபோனது. அதிலிருந்து தாய்ப்பால் கொடுக்கும் அம்மாவும் பால், தயிர், வெண்ணெய் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பாலில்லாத டீயோடு காலம் தள்ளுகிறாள். புது உணவு ஒரு சமயத்தில் ஒன்றுதான், காலையில் கொடுத்துவிட்டுக் கவனிக்க வேண்டும் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அம்மா ஊட்டினாள். குழந்தை, வரி நோட்டீஸ் வந்தவரைப் போல முகத்தைச் சுளித்தது.

"இந்த மூஞ்சிய எப்படிம்மா ஃபேமிலி குரூப்ல போடுறது? உங்க அண்ணன் கிண்டல் பண்ணியே கொன்னுடுவாரு."

"பூசணிக்கு வேற எந்த மூஞ்சி வரும்? விடுங்க," என்று கைதுடைக்கத் துணி எடுக்க உள்ளே போனாள்.

மேஜையில் அப்பாவின் தயிர்க் கிண்ணம் இருந்தது. கரண்டி நுனியை அதில் தொட்டார். நுனிதானே. குழந்தை நாக்கைச் சுழற்றிச் சிரித்தது. வெளிச்சம் சரியில்லை, மறுபடி. கை நடுங்கிவிட்டது, மறுபடி. படம் குரூப்புக்குப் போனது. "அப்படியே மாமன் சிரிப்பு" என்று அண்ணன் உரிமை கொண்டாடினார்.

சமையல் முடிவதற்குள் வாந்தி ஆரம்பித்தது. நிற்கவில்லை. முகம் வெளுத்து, தலை தோளில் தொய்ந்தது.

ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏறி, நிறம் கொஞ்சம் திரும்பியதும் டாக்டரம்மா கேட்டார்: "என்ன குடுத்தீங்க?"

"பூசணி மட்டும்தான் டாக்டர். உருளைக்கிழங்குல ஆரம்பிக்கலாம்னு இவர் சொன்னாரு. நான்தான் கேக்கல."

அப்பா, கைகழுவும் முறையை விளக்கும் சுவர்ப்படத்தை ஊன்றிப் படித்தார்.

"அப்ப பூசணிய நிறுத்திடுவோம். மத்த காய்களையும் கொஞ்சம் தள்ளிப்போடணும். நீங்களும் பூசணிய விட்டுடுங்க."

"விட்டுடுறேன்," என்றாள். விடுவதற்கு அவளிடம் இனி அதிகம் மிச்சமில்லை.

தவறை ஒப்புக்கொள்வதன் மேன்மை பற்றி அவரிடம் நீண்ட உரை ஒன்று உண்டு. நடுவில் கைதட்டலுக்கு இடம்கூட விட்டிருக்கும். இப்போது ஒரு வாக்கியம் புறப்பட மறுத்தது.

"தயிர் கொஞ்சம் பட்டிருக்கலாம்," என்றார் கடைசியில்.

"எப்படிப் பட்டுச்சு?" டாக்டரம்மா நிமிர்ந்தார்.

"கரண்டியில இருந்திருக்கும்."

"கரண்டிக்கு எப்படி வந்துச்சு?"

"நான்தான் தொட்டு வச்சேன். ரெண்டு மூணு தடவை."

"எதுக்கு?"

"சிரிக்கிறதுக்கு."

"யாரு?"

மனைவி அவர் பக்கம் திரும்பாமலே கேட்டாள்: "அப்ப பூசணி ஒத்துக்குமா டாக்டர்?"

"உடம்பு தேறட்டும். அப்புறம் தனியாக் குடுத்துப் பார்ப்போம். பால் சமாச்சாரம் மட்டும் நாங்க சொல்ற வரைக்கும் கிட்டவே வரக்கூடாது."

டாக்டரம்மா போனார். அப்பா திட்டு வாங்கத் தயாராக நின்றார். திட்டினால் சொல்ல இரண்டு சமாதானம் வைத்திருந்தார். அவள் குழந்தையின் ஊசி குத்திய கையைத் தலையணை மேல் நகர்த்தி வைத்தாள்.

"வண்டியில வர்றப்ப நான் அழுதேன்ல," என்றாள், குரலை உயர்த்தாமல். "'பரவாயில்லம்மா, தப்பு யாருக்கும் வரும், உன்னை நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்'னீங்க."

சொன்னது உண்மைதான். முதுகில் தட்டியும் கொடுத்திருந்தார்.