பதாகையின் மறுமுனை

ஐந்தரை மணிக்குப் பால் வந்தது. சிவசைலம் அதைக் காய்ச்சினான். டீ போட்டான். ஒரு தம்ளர் குடித்தான். இன்னொரு தம்ளர் மிஞ்சியது. அதையும் குடித்தான். வாசலில் தண்ணீர் தெளித்தான். குளித்தான். அயர்ன் பாக்ஸைச் சூடாக்கிச் சட்டையைத் தேய்த்தான். காலரைத் தேய்க்கும்போதுதான் அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை என்பது நினைவுக்கு வந்தது. வீரகேரளம்புதூர் தாலுகா அலுவலகத்துக்குப் போக வேண்டியதில்லை.

பெட்டி இன்னும் சூடாக இருந்தது. பீரோவின் அடித்தட்டிலிருந்து பதாகையை எடுத்தான்.

எட்டாக மடிந்திருந்தது. மடித்தது அவன்தான். மனைவி அனுசியா இறந்துபோன மறுநாள், வந்த சொந்தக்காரர்கள் உட்கார இடமில்லாமல் நின்றபோது, கொடியில் கிடந்ததை இழுத்து மடித்துத் திணித்துவிட்டான். மூன்று மாதம் ஆகிறது. விரித்தான். ‘மேற்கு சகாரா மக்களுக்கு விடுதலை’ என்ற எழுத்துகளுக்கு நடுவிலும், பக்கத்தில் அவள் வரைந்த அந்த நாட்டின் படத்தின் மேலும் மடிப்பு விழுந்து பெயின்ட் வெடித்திருந்தது. தேய்த்தான். துணி நிமிர்ந்தது. கோடு போகவில்லை.

அவள் இலத்தூரில் ஒரு பள்ளியில் புவியியல் நடத்தினாள். உலகப் படத்தில் ஆப்பிரிக்காவின் மேற்கு ஓரம் ஒரு எல்லை மட்டும் ஏன் புள்ளி புள்ளியாக இருக்கிறது என்று தேடப் போனாள். மொரோக்கோ பிடித்து வைத்திருக்கும் நாடு அது என்றும், ஐம்பது வருடமாக அதன் சனங்களில் பலர் பாலைவனத்து அகதி முகாம்களில் காத்துக் கிடக்கிறார்கள் என்றும் படித்தாள். படித்ததோடு விடவில்லை. தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற கைலாசத்தையும், பழக்கடை தங்கத்தாயையும் சேர்த்துக்கொண்டு மாதக் கடைசி ஞாயிறுதோறும் குற்றாலத்தில், பேரருவிக்குப் போகும் வழியில் நின்றாள். ஈரத் துண்டோடு போகிறவர்கள், “அது எங்கன இருக்கு, கேரளாவுலயா?” என்று கேட்பார்கள். அவள் சலிக்காமல் சொல்லுவாள்.

சிவசைலம் அரசு ஊழியன். பதாகை பிடிக்கக் கூடாது. எதிரே சிப்ஸ் கடையில் இரண்டு ஹெல்மெட்டையும் வைத்துக்கொண்டு நிற்பான். “இவுகதான் என் ஹெல்மெட் ஸ்டாண்டு” என்று அவள் எல்லோரிடமும் அறிமுகப்படுத்துவாள்.

அவள் போனபிறகு மற்ற இருவரும் அங்கே நிற்பது இன்றைக்குத்தான் முதல் தடவை. பதாகையை மட்டும் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று பைக்கை எடுத்தான். குற்றாலத்தில் இறங்கும்போதுதான், பழக்கத்தில் இரண்டு ஹெல்மெட்டையும் எடுத்து வந்திருப்பதைப் பார்த்தான்.

“வந்துட்டியா! நீ வரமாட்டேன்னு தங்கத்தாய் சாதிச்சா” என்றார் கைலாசம்.

“பொய் சொல்லாதீங்க அண்ணாச்சி. சொன்னது நீங்க” என்றாள் தங்கத்தாய்.

கைலாசம் செல்போனை நீட்டினார். முகாமில் பாடம் நடத்தும் முபாரக்கா அனுப்பிய செய்தி. அனுசியாவோடு மூன்று வருடம் வாட்ஸப்பில் பேசியவள்.

“அனுசியா கடைசியா என்ன சொன்னான்னு கேக்கா. முகாம்ல எல்லாரும் கேக்காகளாம். நான் இப்படி எழுதி வச்சிருக்கேன். நீ சரின்னா அனுப்பிருதேன்.”

பிடித்து நிற்பதற்காகக் கொண்டுவந்த அட்டையிலும் அதையே அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்: ‘அந்த மக்களைக் கைவிட்டுவிடாதீர்கள். – அனுசியாவின் கடைசி வார்த்தைகள்.’

“இதுவா சொன்னா?” என்று கேட்டான் சிவசைலம்.

“வேற என்னத்தச் சொல்லியிருப்பா?”

நல்ல வாக்கியம்தான். சரி என்றால் போதும், யாரும் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள். பிறகு எல்லோரும் அவளை அந்த வாக்கியத்தோடு நினைப்பார்கள். கொஞ்ச நாளில் அவனும் அப்படியே நினைக்கத் தொடங்கிவிடுவான். உண்மையில் சொன்னது அவனிடம் மட்டும்தான் இருந்தது. அதையும் அவன் கேட்டு நடக்கவில்லை.

“அவ அப்படிச் சொல்லல அண்ணாச்சி.”

“பின்ன?”

அவன் திரும்பிப் பார்த்தான். அதற்குள் தங்கத்தாய் பதாகையை எடுத்து இரண்டு ஓரத்திலும் கம்பு செருகி, ஒரு கம்பைப் பிடித்து விரித்திருந்தாள். மறுகம்பு தரையில் கிடந்தது.

“இதென்ன, நாட்டுக்கு நடுவுல கோடு? எந்தப் புண்ணியவான் மடிச்சது?”

“நான்தான்.”

“நல்லா மடிச்ச போ! அனுசியா பாத்திருந்தா உன்னய அருவியில தள்ளிருப்பா.”

சிவசைலத்துக்குச் சிரிப்பு வந்தது. அதைக் கேட்டு அவனே திடுக்கிட்டான். தங்கத்தாயும் சிரித்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவன் இரண்டு ஹெல்மெட்டையும் சிப்ஸ் கடை மேடையில் வைத்தான். வந்து தரையில் கிடந்த கம்பை எடுத்துத் தூக்கிப் பிடித்தான்.

“ஏலே, யாராவது போட்டோ எடுத்தா மெமோ வந்துரும்” என்றார் கைலாசம்.

“வரட்டும். அந்த வாக்கியத்த அழிச்சிருங்க அண்ணாச்சி. நான் சொல்லுதத எழுதுங்க.”

“சொல்லு. இங்கிலீஷ்ல தட்டி அனுப்பிருதேன்.”

மூன்று மாதத்துக்கு முன் அவளுக்கு நாலு நாள் காய்ச்சல். தென்காசி ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளுவதற்கு முன் அவள் ஆக்சிஜன் மாஸ்க்கை ஒரு விரலால் விலக்கினாள். ஏதோ பெரிதாகச் சொல்லப் போகிறாள் என்று அவன் குனிந்தான். அவள் சொன்னதை ஒரு வார்த்தை மாறாமல் கைலாசத்திடம் சொன்னான்:

“கொடியில கெடக்குத பதாகைய மடிச்சிராதீங்க, சுருட்டி வைங்க. ஒங்களுக்கு வேட்டியே மடிக்கத் தெரியாது.”