பதினேழாம் எண் தாடை

மதிப்பெண் போடும் நாளில் பல் மருத்துவக் கல்லூரியின் செய்முறைக் கூடத்தை வெளியிலிருந்து பூட்டிவிடுவார்கள். செல்போன்களை அலுவலக எழுத்தர் ஒரு டப்பாவில் வாங்கிக்கொண்டு போய்விடுவார். நாற்பத்திரண்டு பிளாஸ்டிக் தாடைகளையும் பார்த்து முடித்து, இரண்டு தேர்வாளர்களும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கதவு திறக்கும். கைதிக்காவது மணியடித்தால் சோறு வரும். இவர்களுக்கு ஒரு ஜாடித் தண்ணீரும் இரண்டு தம்ளரும்தான்.

ஜன்னலும் திறக்காது. முந்தின நாள் தேர்வில் மாணவர்கள் துளைத்த பிளாஸ்டிக்கின் கருகல் வாடை அறைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. மேஜைதோறும் கம்பியில் பொருத்திய ஒரு பொம்மைத் தலை ரப்பர் கன்னத்தோடு வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. மாணவர்கள் அதற்கு வைத்த பெயர் மாமனார். என்ன செய்தாலும் வாயைத் திறந்தபடியே இருப்பார், ஆனால் ஒரு வார்த்தை பேசமாட்டார், இப்படி ஒரு மாமனார் அமையக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்பார்கள். அந்த மாமனார்களை வைத்துத்தான், இரண்டு தேர்வாளர்களில் ஒருத்தியான ஆசிரியை ஒன்பது வருஷமாகப் பாடம் நடத்தி வந்தாள்.

இந்தத் தேர்வில் மூன்று முறை தவறியவர் படிப்பையே விட்டுப் போக வேண்டும். அவளுடைய நாத்தனார் குட்டி இரண்டு முறை தவறியிருந்தாள்.

"என் கணவரின் தங்கை இந்தத் தேர்வில் இருக்கிறாள், என்னை விட்டுவிடுங்கள்" என்று ஆசிரியை எழுதிக் கொடுத்துத்தான் பார்த்தாள். தாடையில் பெயரா இருக்கிறது, எண்தானே என்று முதல்வர் ஒரே பேச்சில் தள்ளிவிட்டார். மதிப்பெண் போட வேண்டிய நாளன்று காலை செருப்பு மாட்டும்போது கணவன் பக்கத்தில் வந்து நின்றான். பத்து வயதில் தாயை இழந்த தங்கையைத் தலைவாரிவிட்டு வளர்த்தவன்.

"நீ ஒண்ணும் பண்ண வேண்டாம். சும்மா பாத்துக்கோ" என்றான்.

ஒன்றும் பண்ணாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று எந்தக் கணவனும் விளக்கியதில்லை. அவள் சரி என்று தலையாட்டிவிட்டுப் படியிறங்கினாள்.

வேறு கல்லூரியிலிருந்து வந்த வெளித் தேர்வாளர் நல்ல மனிதர். முழங்கால் வலியைப் பற்றியே பேசிக்கொண்டு, ஒவ்வொரு தாடையையும் விளக்கடியில் திருப்பிப் பார்த்தார். இருவரும் பேசி ஒரே மதிப்பெண்ணுக்கு வர வேண்டும், ஐம்பது வாங்கினால் தேர்ச்சி. வெட்டச் சொன்ன கடைவாய்ப் பல்லில் குழி சரியாக இருக்க வேண்டும். பக்கத்துப் பல்லில் டிரில் பட்டிருந்தால் மட்டும் பேச்சே இல்லை, தோல்வி. பொம்மைக்கு வலிக்காது, நாளைக்கு வரும் நோயாளிக்கு அது நல்ல பல் என்று வருஷத்தின் முதல் வகுப்பிலேயே சொல்கிறவள் அவள்தான்.

பதினேழாம் எண் தாடை கைக்கு வந்தது. உருப்பெருக்கிக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தவள் தாடையை விளக்குக்கு இன்னும் நெருக்கமாகக் கொண்டுபோனாள். குழியின் ஓரத்தைச் சின்ன உளியால் மூன்று இழுப்பு இழுத்து, மூன்றாவதை வெளிப்பக்கமாகச் சாய்த்து முடித்திருந்தது. அது அவளுடைய வழக்கம். இடதுகைக்காரியான அவள் தன் வசதிக்குத் தானே கண்டுபிடித்துக்கொண்டது. வகுப்பில் அதைச் சொல்லிக் கொடுத்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சமையலறை மேடைமேல் ஒரு தாடையை வைத்து, குட்டிக்கு மட்டும் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

பக்கத்துப் பல்லில் ஒரு கீறல் இருந்தது. மயிரிழைதான், ஆனால் கீறல்.

"ஓரம் அருமையா வந்திருக்கு. அம்பத்தெட்டு போடலாமா?" என்றார் வெளித் தேர்வாளர். கீறல் அவர் கண்ணில் படவில்லை.

கதவு பூட்டியிருந்தது. கொஞ்சம் வெளியே போய் மூச்சுவிட்டு வரலாம் என்றால்கூட வழியில்லை. கீறலைச் சொன்னால், வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஆயுசுக்கும் இரண்டு பேர் தன் முகத்தைப் பார்க்காமல் சாப்பிடுவார்கள். சொல்லாவிட்டால், ஒன்பது வருஷமாக வகுப்பில் பேசியதெல்லாம் வெறும் வாய்ச்சவடால். அவளுக்கு அழுகை வந்தது, அதை இருமலாக மாற்றிக்கொண்டாள்.

"போடலாம் சார்" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் கை இறுகிவிட்டது. ஓரிடத்தில் விட்டுக்கொடுத்ததை மற்ற இடங்களிலெல்லாம் பிடித்துவிட வேண்டும் என்பதுபோல் அரை மதிப்பெண்ணுக்குக்கூட வாதாடினாள். முப்பத்தோராம் எண் தாடையில் குழியின் ஆழம் சரியாக இருந்தது. பக்கத்துப் பல் சுத்தம். ஓரம் மட்டும் சொரசொரவென்று நின்றது.

"அம்பத்திரண்டு குடுத்துடலாம்மா. பாவம், மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றார் அவர்.

"உளியே படல சார். நாளைக்கு வாய்க்குள்ள இந்த ஓரம் உடைஞ்சு விழும். நாப்பத்தாறு."

அவர் முழங்காலைத் தடவிக்கொண்டே நாற்பத்தாறு என்று எழுதினார்.

கையெழுத்தானதும் எழுத்தர் கதவைத் திறந்துகொண்டு வந்து, மூடிய உறையைப் பிரித்துப் பெயர்களை வாசித்தார். பதினேழு, குட்டியோடு படிக்கும் பையன், ஒல்லி என்று பட்டப்பெயர். முதல் முறை எழுதுகிறவன். தவறியிருந்தாலும் ஆறு மாதத்தில் மறுபடி எழுதியிருக்கலாம். முப்பத்தொன்று, குட்டி.

"முப்பத்தொண்ணை இன்னொரு தடவை பாக்கலாமா சார்?" அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"பேர் தெரிஞ்சு போச்சேம்மா. இப்ப என்ன காரணம்னு எழுதுவீங்க?" என்றவர், எழுத்தர் காதில் ஏதோ சொன்னதும் நிமிர்ந்து பார்த்தார். "உங்க வீட்டுப் பொண்ணா? அடடா. இந்த மாதிரி நேர்மை எங்கம்மா இருக்கு இப்ப?"

அவர் கையெடுத்துக் கும்பிட்டார். பதினேழில் செய்ததை இப்போது சொன்னால் ஒல்லியின் தேர்ச்சி போகும், அவள் வேலையும் போகும். அதற்காகக் குட்டியின் நாற்பத்தாறு ஐம்பது ஆகிவிடாது. அவள் பதிலுக்குக் கும்பிட்டுவிட்டுப் போனை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

சாயங்காலம் இருவரும் ஒரே பேருந்தில் வீடு திரும்பினார்கள். ஜன்னலோரம் குட்டி. நிற்கிறவர்கள் மேலே சாய, ஆசிரியை இருக்கையில் நெருக்குண்டு கிடந்தாள். முகம் கழுவி வந்திருந்தாலும் குட்டியின் கண் வீங்கியிருந்தது.

"அண்ணி, தாடையப் பாத்து நான்னு தெரிஞ்சுதா உங்களுக்கு?"

"இல்லடா."

"அப்பாடா. தெரியக் கூடாதுன்னுதான் நான் உளியத் தொடவே இல்ல. அந்த மூணாவது இழுப்பு உங்க கை இல்லையா, பாத்ததும் கண்டுபிடிச்சிடுவீங்க. அப்புறம் உங்களுக்குத்தான் தர்மசங்கடம். டிரில்லாலயே முடிச்சுடலாம்னு பாத்தேன். ஓரம் சரியா வரல."

ஆசிரியை முன்னிருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒல்லிக்கு நான்தான் அந்த இழுப்பச் சொல்லிக் குடுத்தேன், உங்களக் கேக்காம. கோபமா?" குட்டி மூக்கை உறிஞ்சிவிட்டு லேசாகச் சிரித்தாள். "பக்கத்துப் பல்லுல பட்டுடுச்சுன்னு நேத்து பூரா ஒரே புலம்பல். படல போல. நீங்க பாக்காமலா பாஸ் போட்டிருப்பீங்க?"

கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. அவள் எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். திரையில் கணவன் பெயர் வந்து வந்து போனது. இறங்க வேண்டிய நிறுத்தத்துக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது.

குட்டி அதை மெல்ல வாங்கிக் காதில் வைத்தாள்.

"அண்ணா, நான்தான். போச்சு. அண்ணியை ஒண்ணும் கேக்காத. அவங்க சரியாத்தான் பாத்திருக்காங்க."