மாஸ்டர் பக்கத்து பிரேக்

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி மாஸ்டருக்குத் தன்னைப் பற்றி ஒரு பெருமை உண்டு: எதற்கும் பதறாத மனிதர். அவரிடம் வண்டி பழகிய யாரும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பயிற்சி வண்டியில் மாஸ்டர் பக்கமும் ஒரு பிரேக்கும் ஒரு கிளட்ச்சும் இருக்கும், ஆபத்துக்கு மட்டும். இவருக்கோ தூரத்தில் ஒரு நாய் கொட்டாவி விட்டாலே ஆபத்துதான். சினிமா பார்க்கும்போதுகூட, திரையில் லாரி வந்தால் வலது கால் முன் சீட்டை மிதிக்கும். மனைவிதான் அந்த சீட்டுக்காரரிடம் மன்னிப்புக் கேட்பாள்.

போன வாரம் டாக்டரின் அறையிலும் மிதித்தார். பதினேழு வயது மகளுக்கு இடது தொடை எலும்பில் புற்றுநோய். வளரும் பிள்ளைகளுக்கு அபூர்வமாக வருவது, வந்தால் விறுவிறுவென்று பரவுவது. மருந்து ஏற்றிப் பார்த்தும் கட்டி சுருங்கவில்லை.

"காலை வெச்சுக்கிட்டே ஆபரேஷன் பண்ணலாம். ஆனா கட்டி ரத்தக் குழாயைச் சுத்திப் பிடிச்சிருக்கு, துளி தங்கினாலும் திரும்ப வரும். காலை எடுத்துட்டா பிழைக்கிற வாய்ப்பு அதிகம்," என்றார் டாக்டர். "கையெழுத்து நீங்க போடணும். அதுக்கு முன்னாடி பொண்ணுகிட்ட நான் பேசணும்."

"நானே பக்குவமா சொல்லிக்கிறேன் டாக்டர்," என்றார் மாஸ்டர். மேசைக்கடியில் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

அந்தப் பக்குவம்தான் வந்து சேரவில்லை. ஒரு நாள் சாப்பிடும்போது தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார். குழம்பில் உப்பு குறைவு என்று முடித்தார். உப்பு சரியாகத்தான் இருந்தது. இன்னொரு நாள் அவள் கட்டிலருகே உட்கார்ந்து, வாய் வலிக்க டயர்களைப் பற்றிப் பேசிவிட்டு எழுந்து வந்தார். வாய்ச்சவடாலுக்குப் பேர்போன மனிதருக்கு ஒரு வாக்கியம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகள், "ஒரு ரவுண்டு வண்டி ஓட்டணும்பா," என்றாள். லைசென்ஸ் எடுக்க இன்னும் வயதாகவில்லை என்றாலும், அவரிடமே ஓட்டிப் பழகியவள்; அன்று மறுக்க அவருக்கு மனம் வரவில்லை. இடது காலை அவள் ஊன்றவே கூடாது. அதனால் ஓர் ஏற்பாடு: கிளட்ச் அவர், மற்றதெல்லாம் அவள். தலையில் துணியைக் கட்டிக்கொண்டு ஸ்டியரிங் பிடித்தாள். நன்றாகவே ஓட்டினாள். இதுதான் சமயம் என்று நினைத்தார்.

"உன் கால் விஷயமா…" என்று ஆரம்பித்ததும் அவருடைய வலது கால் பிரேக்கை மிதித்தது. வண்டி குலுங்கி நின்றது.

"எதுக்குப்பா?"

"பூனை மாதிரி ஏதோ."

பூனையும் இல்லை, எலியும் இல்லை. மறுபடி கிளப்பினாள். "டாக்டர் என்ன சொல்றாருன்னா…" மறுபடி மிதி. இந்த முறை எஞ்சினே அணைந்தது. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். பயிற்சி வண்டி என்ற பலகையைப் பார்த்து, பாவம் புதுசு என்று அவளை மன்னித்து விலகிப் போனார்கள்.

மகள் கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்தாள். "அப்பா, எனக்குத் தெரியும். போன வாரம் ஆஸ்பத்திரியில நீங்க வண்டியை நகர்த்தப் போன நேரத்துல நானே டாக்டர்கிட்ட கேட்டுட்டேன். எடுத்துடுங்கன்னு சொல்லிட்டேன்."

"அம்மாவுக்கு?"

"அன்னிக்கே தெரியும். உங்ககிட்ட எப்படிப் பக்குவமா சொல்றதுன்னுதான் ரெண்டு பேரும் முழிச்சிட்டிருந்தோம்."

தான் ஒரு வாரமாகக் கட்டிக் காத்த ரகசியம் வீட்டில் தனக்கு மட்டும்தான் ரகசியம் என்பது மாஸ்டருக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"பயமா இல்லையா?" என்றார்.

"இருக்கு. கால் போறது பயமாத்தான் இருக்கு. செத்துப் போறது அதைவிட பயம். நீங்க கையெழுத்து போட மாட்டேன்னுடுவீங்களோன்னுதான் தூக்கமே வரல."

இன்னொரு டாக்டரைப் பார்க்கலாம், மருந்தை மாற்றிப் பார்க்கலாம், அவசரம் என்ன என்று வரிசையாக அவர் நாக்கு நுனியில் நின்றன. மகளை இழந்துவிடுவோமோ என்ற பயத்தில்தான் இத்தனை நாள் எல்லாவற்றையும் நிறுத்தி வைத்திருந்தார். அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போடறேம்மா."

"அப்போ இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம். நாளைக்குன்னா மாத்திப் பேசுவீங்க."

பேசுவார்தான். தன்னைப் பற்றி அவ்வளவாவது அவருக்குத் தெரியும். அவள் சாவியைத் திருப்பினாள். மாஸ்டர் வலது காலைச் சீட்டின் மேல் மடித்து வைத்து, அதன் மேல் கையையும் வைத்துக்கொண்டார். கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்தது, துடைக்கவில்லை. ஆஸ்பத்திரி வரை, மகள் "கிளட்ச்" என்று சொன்னபோது மட்டும் இடது காலை அழுத்தினார்.