கப்பில் மட்டும் புது ஆயில்

என் வீட்டுக்காரர் சஜிக்கு வேலை செய்வதைவிட, செய்ததாகக் காட்டுவதில்தான் பிரியம். பாத்திரத்தின் வெளிப்பக்கத்தை மட்டும் தேய்த்துக் கவிழ்த்து வைக்கிற கை அது.

பதினாறு வருடப் பழைய எங்கள் பைக்கை என் தம்பி அபினுக்குக் கொடுப்பதாக முடிவாகியிருந்தது. அவனுக்குக் கோட்டுகாலில் வேலை. தினமும் மேடும் இறக்கமுமாகப் போய்வர வேண்டும். கொடுப்பதற்கு முன்னால் முன்பிரேக்கின் ஆயிலை முழுதும் மாற்றிவிடுங்கள் என்று சஜியிடம் நான்தான் சொன்னேன். நான் பாறசாலையில் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் நிற்பவள். பைக்கின் பிரேக் ஆயில் கப் மூடியில் டாட் ஃபோர் என்று போட்டிருந்ததைப் பார்த்து, அதே ரகத்தில் சீல் உடைக்காத பாட்டிலாக வாங்கி வந்தேன். பிரேக் ஆயில் ஈரத்தைக் குடிக்கும். நாள்பட்ட ஆயில் இறக்கத்தில் சூடேறிக் கொதித்தால், பிரேக்கைப் பிடித்தாலும் வண்டி நிற்காது.

"முழுசும் மாத்தியாச்சு, கேட்டியா?" என்றார் சஜி, ஞாயிற்றுக்கிழமை காலையில்.

ஹேண்டிலில் இருக்கிற கப்பின் கண்ணாடியில் பார்த்தேன். இளமஞ்சளாகத் தெளிந்திருந்தது. பிறகு அலமாரியில் பாட்டிலைப் பார்த்தேன். கழுத்துக்குக் கீழே கொஞ்சந்தான் இறங்கியிருந்தது. பக்கத்தில் மகளுக்கு மருந்து கொடுக்கிற சிரிஞ்சு, உள்ளே கறுப்புப் பிசுக்கோடு. கப்பில் கிடந்ததை அதை வைத்து உறிஞ்சிவிட்டுப் புதியதை ஊற்றியிருக்கிறார். கப்பிலிருந்து சக்கரத்துக்குப் போகிற குழாய்க்குள் பழசு அப்படியே கிடக்கிறது. பிள்ளையின் வாயில் வைக்கிற சிரிஞ்சு! சீ, என்ன மனுஷன்.

சர்ச் முடிந்து அபின் வந்தான். சஜி சீட்டில் கைவைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஆண்டவரே, இந்தப் பிள்ளையின் பிரயாணங்களைக் காத்துக்கொள்ளும்."

குரல் வேறு தழுதழுத்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. நான் ஆமென் சொல்லவில்லை. ஸ்பானரை எடுத்துக்கொண்டு முன்சக்கரத்தருகே குந்தினேன்.

"எட்டீ, என்னத்த செய்யுத?" என்றார் சஜி.

"அபின், பிரேக்கைப் பிடி."

அவன் பிடித்தான். குழாயின் அடியில் ஆயிலை வெளியே விடுகிற நிப்பிளைத் தளர்த்தினேன். டீ வடிகட்டிய கசடுபோல் கறுத்த ஆயில் சிமெண்டுத் தரையில் வழிந்தது.

"கொஞ்சம் பழசு கிடந்தா என்ன? இத்தன நாளும் வண்டி ஓடல்லியா?" என்றார் சஜி. முகத்தில் ஒரு வெட்கமும் இல்லை.

அபின் கத்துவான் என்று நினைத்தேன். அவன் தரையையே பார்த்துக்கொண்டு கேட்டான். "அத்தான், இது மாத்தி எத்தன வருசம் ஆச்சு?"

"ஒரு அஞ்சாறு வருசம் உண்டும்."

அபின் என் பக்கம் திரும்பினான். "அக்கா, அப்போ நேத்து வரைக்கும் நீயும் பிள்ளையும் இதுக்க பின்னாலயாக்கும் இருந்து போனது?"

தம்பிக்காகத்தான் குந்தினேன்; என்னையும் பிள்ளையையும் நினைக்கவே இல்லை. இந்த பைக்கில் மகளை மடியில் வைத்துக்கொண்டு எத்தனை இறக்கம் இறங்கியிருக்கிறேன்! அத்தனை நாளும் முன்னால் இருந்து ஓட்டியவருக்கு இது தெரியும்.

சஜி அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தார்.

"ஒண்ணும் ஆகல்லியே," என்றார்.