பின்சுவர் வயர்

"வெட்டினது நீங்கதானே மச்சான்."

"நான் வெட்டினது பழைய வயரு, உம்மு ஹானி. யாரோ காலி பண்ணிட்டுப் போனப்ப விட்டுட்டுப்போன..."

"பழசுன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? பாத்தாலே தெரியுதே. ஒரே பிசுக்கு."

"அந்தப் பிசுக்கப் பூசினதே நாந்தான்."

ரிபாய் கையில் இருந்த கட்டிங் பிளேயரை மெல்ல அடுப்பு மேடையில் வைத்தார்.

பர் துபாயில் அந்தப் பழைய கட்டடத்தின் பின்சுவரை அவர்கள் வீட்டு அடுப்படி ஜன்னலிலிருந்து எட்டிப் பார்க்கலாம். ஏசித் தண்ணீர் சொட்டும் குழாய்கள், சாக்கடைக் குழாய்கள், அவற்றைச் சுற்றிக்கொண்டு டிஷ் ஆண்டெனா வயர்கள். காலி செய்து போகிறவர் எவரும் தன் வயரைக் கழற்றியதில்லை. வருகிறவர் அதன் மேலேயே புதிதாக ஒன்றை இழுத்துக்கொள்வார். இனிமேல் புது வயர் தொங்கினால் ஓனரிடம் சொல்லி வீட்டைக் காலி பண்ண வைப்பேன் என்று வாட்ச்மேன் சித்தீக் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

"பூசினியா? எதுக்கு?"

"புதுசா பளபளன்னு தொங்கினா சித்தீக் பாய் கண்ணுல பட்டுரும்ல? அதான் சாகிர் மேலேருந்து இழுத்துக் குடுத்ததும், அடுப்புக்கு மேல இருக்கிற எண்ணெய்ப் பிசுக்க வழிச்சுத் தேச்சேன். நம்ம போன்ல பேச மட்டுந்தான் முடியும், இன்னிக்கு நிக்காஹ் நேரத்துக்கு மட்டும் இன்டர்நெட் குடுன்னு அந்தப் புள்ளையக் கெஞ்சிக் கேட்டு வாங்கினது. உங்களுக்கு லீவு இல்ல, ஊருக்குப் போகல. தங்கச்சி கல்யாணத்தக் கேமராவுலயாவது பாப்போம்னு இருந்தேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல?"

"சொன்னா? சித்தீக் பாயோட டீ குடிக்கிறப்ப அவருகிட்டயே சொல்லிருப்பீங்க."

ரிபாய் போனை எடுத்தார். மேல்மாடியில் இருக்கும் சாகிருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"ஒட்டுப் போட முடியாது காக்கா. கீழ விழுந்த துண்ட சித்தீக் பாய் சுருட்டிக் குப்பைத் தொட்டியில போட்டுட்டாரு. எங்கிட்ட வேற வயர் இருக்கு. ஆனா அவரு பின்னாடியே சேர் போட்டு உக்காந்திருக்காரு. நீங்க ஒரு வார்த்த கேட்டீங்கன்னா தொங்க விட்டுருவேன்."

"அதுக்கு உன் ரூம்லயே வந்து பாத்துட்டா என்ன?"

உம்மு ஹானி போனைப் பிடுங்கி அணைத்தாள்.

"ஆறு ஆம்பளைங்க படுத்துக் கெடக்கிற ரூம்ல என் தங்கச்சியக் காட்டணுமா? ஊர்ல பொண்ணு பக்கம் பொம்பளைங்க மட்டும் இருக்காங்கன்னுதான் கேமரா வைக்கவே வாப்பா சம்மதிச்சாங்க. கீழ போங்க. வெட்டினது என் வயருதான், கொஞ்ச நேரம் இன்னொண்ணு தொங்கட்டும்னு கேளுங்க."

"காலி பண்ணச் சொல்லிட்டா?"

"கேளுங்க மச்சான்."

போனார். போனவர் வர நேரமானது. வரும்போது கையில் காகிதக் கப்பில் டீ இருந்தது.

"கேட்டீங்களா?"

"எப்படிக் கேக்குறது? இந்த பில்டிங்லயே நீங்க ஒருத்தர்தான் ஒழுங்கான ஆளு, தானா முன்வந்து வெட்டிப் போட்டீங்கன்னு அவரே டீ வாங்கிக் குடுக்குறாரு. போற வர்றவங்கள எல்லாம் நிறுத்தி வச்சுச் சொல்லுறாரு. அதுக்கப்புறம் வாய் வருமா?"

"வாயி டீ குடிக்க மட்டும் வந்துச்சு."

"அந்த மனுசன் மொகத்தப் பாத்துட்டு..."

"என் மொகத்தப் பாக்கல நீங்க."

கீழக்கரையிலிருந்து போன் அடித்தது. உம்மு ஹானி முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள். பின்னால் பெண்கள் குலவை இட்டார்கள். உம்மாவின் குரல் யாரையோ தள்ளி நிற்கச் சொன்னது. பிறகு தங்கச்சி ருக்கையாவின் குரல், அசையாமல் உட்கார்ந்திருப்பவளின் குரல்போல, மெதுவாக வந்தது.

"லாத்தா, கேமராவ எம்பக்கம் திருப்பி வச்சிட்டாங்க. தலைய நிமுத்தித்தான் உக்காந்திருக்கேன். நல்லாத் தெரியுறேனா?"