புயல் கொண்டுபோன டைரி

படார் என்று ஒரு சத்தம். பின்னாலேயே தகரம் கிழிகிற சத்தம். 2011 டிசம்பர் முப்பது, விடியற்காலை. தானே புயல் கடலூருக்குள் புகுந்து, ராஜமாணிக்கத்தின் மாடியில் இருந்த எழுத்தறையின் கூரையை உரித்துக்கொண்டு போனது.

எழுத்தறை என்பது அவர் வைத்த பெயர். மற்றவர்களுக்கு அது உடைந்த நாற்காலியும் பழைய சைக்கிளும் கிடக்கிற தகரக் கொட்டகை.

கீழே கட்டிலில் ஒடுங்கி உட்கார்ந்திருந்த ராஜமாணிக்கம் நிமிர்ந்தார்.

"மேல எல்லாம் போச்சு லோகா. என் டைரியும் போயிருக்கும்."

மனைவி லோகநாயகி அவரை உற்றுப் பார்த்தாள். முப்பது வருஷமாக அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்க்கிற அந்த மனிதர், லீவு சாங்ஷன் ஆனபோதுதான் அப்படி ஒரு முகம் வைத்திருந்து அவள் பார்த்திருக்கிறாள்.

காரணம் சிதம்பரத்தில் இருந்தது. அங்கே ஒரு டுட்டோரியல் மாடியில் மாதாமாதம் முதல் ஞாயிறு கூடுகிற 'முழு ஆண்டு எழுத்து வட்டம்'. மொத்தம் ஐந்து பேர். தலைவர் ராமாமிர்தம், ஓய்வு பெற்ற தமிழாசிரியர். தினம் ஒரு பக்கம் டைரியில் எழுத வேண்டும். கதையோ கவிதையோ, சொந்தச் சரக்காக இருக்க வேண்டும். வருஷக் கடைசியில் அதிகப் பக்கம் எழுதியவருக்குப் பொன்னாடையும் அடுத்த வருஷத் தலைவர் பதவியும். மற்ற நால்வரும் வரிசையில் வந்து மாலை போட வேண்டும்.

வட்டத்தில் இன்னொரு விதியும் உண்டு. வருஷம் முடிகிறவரை யாரும் யாருடைய டைரியையும் திறந்து பார்க்கக் கூடாது. பாதியில் காட்டினால் கற்பனை வற்றிவிடும் என்று ராமாமிர்தம் கண்டுபிடித்திருந்தார். ஆகவே கூட்டத்தில் பக்க எண்ணிக்கையை மட்டும் எழுந்து சொல்வார்கள். கைதட்டுவார்கள். போண்டா சாப்பிடுவார்கள்.

ஜனவரிக் கூட்டம் முடிந்த கையோடு ராஜமாணிக்கம் அலாரம் வாங்கினார். மேஜை விளக்கு வாங்கினார். மூன்று நிறத்தில் பேனா வாங்கினார். வாசல் கேட்டில் 'எழுத்தாளர்' என்று போர்டு மாட்டினார். தினமும் ஐந்து மணிக்கு அலாரம் அலறும். எழுந்து மாடிக்குப் போவார். ஆறு மணிக்கு லோகநாயகி டீ கொண்டுபோனால், நாற்காலியில் தலை சாய்ந்திருக்கும். "யோசனை பண்றேன். டைரியத் தொட்டுடாத" என்பார், கண்ணைத் திறக்காமல்.

இதெல்லாம் லோகநாயகியின் தம்பி ஜெயப்பிரகாஷால் வந்த வினை. சிதம்பரத்துக்காரன், வட்டத்தில் அவனும் உறுப்பினர். ஒரு காதுகுத்தில், பந்தியில் உட்கார்ந்திருந்த அத்தனை பேர் முன்னாலும் சொன்னான்: "எங்க மாமா நோட்டு வாங்கறதுல பெரிய எழுத்தாளரு. உள்ள எழுதறதுக்குதான் ஆள் தேடறாரு."

பந்தி சிரித்தது. அன்றைக்கு ராஜமாணிக்கம் முடிவு செய்தார். அந்தப் பொன்னாடை தன் தோளில்தான் விழ வேண்டும். மச்சான் கழுத்தில் தன் கையால் மாலை போடுகிற நாள் வரவே கூடாது.

மார்ச்சில் ஜெயப்பிரகாஷ் அறுபது பக்கம் என்றான். ராஜமாணிக்கம் அறுபத்து நான்கு என்றார். ஆகஸ்டில் இருவரும் காலண்டரையே தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். டிசம்பர் பிறந்தபோது அவர் கணக்கு முந்நூற்று ஐம்பத்தெட்டில் நின்றது, வாயளவில். ஜனவரி ஒன்றாம் தேதி டைரியைத் திறந்து காட்ட வேண்டும்.

அப்போதுதான் புயல் வந்தது.

ஊரே கலங்கிப் போயிருந்தது. கரண்ட் இல்லை, தண்ணீர் இல்லை, மெழுகுவத்தி இல்லை. மரம் இழந்தவர்களும் வீடு இழந்தவர்களும் தெருவில் நின்றார்கள். சேதம் கணக்கெடுக்க வந்தவரிடம் ராஜமாணிக்கம் போய், "முந்நூத்தி அறுபத்தஞ்சு பக்கம் இலக்கியம் போச்சு. எழுதிக்குங்க" என்றார்.

"குடிசை, ஓட்டு வீடு, மாடு, மரம், இதுக்குத்தான் சார் கட்டம் இருக்கு."

"அப்ப இதர இனத்துல போடுங்க."

"இதர இனத்துல கோழி போடறோம் சார்."

தள்ளிப்போன கூட்டம் பொங்கலுக்குப் பிறகு, ஜனவரி இருபத்திரண்டாம் தேதி நடந்தது. தம்பி வீட்டுக்குப் போகிறேன் என்று லோகநாயகியும் பஸ் ஏறினாள். மடியில் ஒயர் கூடை. முறுக்காக இருக்கும் என்று அவர் நினைத்தார்.

மேடையில் பொன்னாடையை மடித்து வைத்திருந்தார்கள். ராஜமாணிக்கம் தழுதழுத்த குரலில் கூரை பறந்த கதையைச் சொன்னார். டைரியில் ஒரு நாவலே இருந்தது என்றார். பேசப் பேச நாவல் இரண்டு பாகமாகியது.

ஜெயப்பிரகாஷ் எழுந்தான். "எனக்கும் அதே கதிதான். ஜன்னல் தொறந்து கெடந்துச்சி. முழுக்க நனைஞ்சி கூழாயிடுச்சி."

சேத்தியாத்தோப்பு சேரன், டைரியை டைப் அடிக்கக் கடலூருக்குக் கொடுத்திருந்தாராம், அங்கே போய்விட்டது. மேல்பட்டாம்பாக்கம் அன்புமணி வீட்டில் தென்னை மரம் சரியாக டைரி இருந்த பீரோ மேலேயே விழுந்தது. கடைசியாக ராமாமிர்தம் தொண்டையைச் செருமினார். "என்னோடதும்..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் உட்கார்ந்தார்.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. தொலைந்த ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் பக்கங்களுக்கு ஒரு நிமிட மௌனம் என்று முடிவானது. கூரையே பறிகொடுத்தவர் என்பதால் பொன்னாடை ராஜமாணிக்கத்துக்கு என்றும் முடிவானது. ஜெயப்பிரகாஷ் வேண்டாவெறுப்பாக மாலையைக் கையில் எடுத்தான். எல்லோரும் தலைகுனிந்து நின்றார்கள்.

அந்த மௌனத்தில் பிளாஸ்டிக் கவர் சரசரத்தது. தம்பியோடு கூட்டத்துக்கே வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த லோகநாயகி, ஒயர் கூடையிலிருந்து டைரியை எடுத்தாள். காய்ந்து, மொடமொடவென்று, புதுசாக இருந்தது.

"மொத நாளே காத்து பலமா அடிக்குதுன்னு எடுத்தாந்து அரிசி டிரம்ல போட்டேன் ஐயா. ரேஷன் கார்டுக்கு முன்னாடி இதைத்தான் எடுத்தேன்."

"ஏன்டி சொல்லல?" ராஜமாணிக்கத்தின் குரல் எங்கோ கிணற்றிலிருந்து வந்தது.

"தேடுவீங்க, அப்ப குடுப்போம்னு பாத்தேன். மூணு வாரமா நீங்க ஒரு தடவகூட தேடலியே."

ஜெயப்பிரகாஷ் டைரியைத் தாவி வாங்கினான். முதல் பக்கத்தைச் சத்தமாகப் படித்தான். "இன்று முதல் தினமும் எழுதுவேன்." இரண்டாம் பக்கம், ஐந்து மணிக்கு எழுவதன் நன்மைகள். மூன்றாம் பக்கம், பேனா பற்றி. பதினோராம் பக்கத்தில், 'பொங்கல் முடிந்து தொடரலாம்.' அதற்கப்புறம் டிசம்பர் வரை வெள்ளை.

"மொத்தம் பதினோரு பக்கம் மாமா" என்று சொல்லி, மாலையை மேஜையில் திரும்ப வைத்தான்.

ராஜமாணிக்கம் சுவரைப் பார்த்து நின்றார். ராமாமிர்தம் டைரியை வாங்கி, எச்சில் தொட்டுத் தொட்டு மறுபடியும் எண்ணினார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, நின்றிருந்த ஒவ்வொருவரையும் நிதானமாகப் பார்த்தார்.

"மனசாட்சியத் தொட்டுச் சொல்லுங்க. பதினொண்ணுக்கு மேல எழுதுனவுங்க இங்க யாராச்சும் இருக்கீங்களா? இல்லன்னா மாலைய எடுங்க, அவருக்கே போட்டுடலாம்."