ஹரியட்டின் அண்ணன்

எங்கள் குடும்பத்தில் ஒரு வெள்ளைக்காரி இருந்தாள். ஒஸ்லோவில் இதை நான் சொல்லாத தமிழ் ஆள் இல்லை. கலியாண வீடு, செத்தவீடு, பூசை முடிந்து தேத்தண்ணி குடிக்கிற இடம், எங்கே போனாலும் ஐந்து நிமிடத்துக்குள் கதையை அங்கே கொண்டுபோய் நிறுத்திவிடுவேன். 1871இல் மன்னாருக்கு மிஷன் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்க வந்த ஹரியட். அவளைக் கட்டியவர் குதிரை வண்டி வைத்திருந்த மணியகாரர். அந்த வழியில் வந்தவன் இந்தச் சூசைரட்ணம், வயது அறுபத்தெட்டு. பெருமை பேச என்னிடம் வேறொன்றும் இருக்கவில்லை என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அந்தப் பெருமையை வைத்துத்தான் 1994இல் என் தங்கை மக்டலீனின் கலியாணத்தைக் கெடுத்தேன்.

மாப்பிள்ளை யூலியன். நோர்வேயின் வடக்கே ஃபின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் ஆறு வருடம் என்னோடு ஒரே மேசையில் நின்று மீன் வெட்டியவன். ஒரே அறையில் படுத்தோம், ஒரே சட்டியில் சாப்பிட்டோம். நான் ஒஸ்லோவுக்கு வந்து, குரோருட்டில் வீடெடுத்து, தங்கையையும் கூப்பிட்ட பிறகு, நத்தார் பண்டிகைக்கு எங்களிடம் வந்து நின்றான். அவனுக்கும் மக்டலீனுக்கும் பிடித்துப்போயிற்று. என்னிடம் வந்து கேட்டான். உங்களுடைய ஆட்கள் கடலுக்குப் போகிறவர்கள், எங்களுக்குச் சரிவராது என்று முகத்துக்கு நேரே சொன்னேன். என் கையிலிருந்தும் மீன் நாற்றம் அப்போது முழுதாகப் போயிருக்கவில்லை. அது எனக்கு உறைக்கவேயில்லை.

அவன் வேறு ஊருக்கு வேலை மாறிப்போகிற நேரம் அது. புது விலாசத்தை எழுதி அனுப்புகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனான். சொன்னபடி எழுதினான். தபால் பெட்டியின் பூட்டைத் திறக்கிற திறப்பு என்னிடம் மட்டும்தான் இருந்தது. நாலு கடிதம் வந்தது. நாலையும் உடைக்காமலே கிழித்து, மாடியிலிருந்த குப்பைக் குழாய்க்குள் போட்டேன். ஆம்பிளைகள் இப்படித்தான் மறந்துபோவார்கள் என்று அவளுக்கு ஆறுதல் வேறு சொன்னேன்.

அதற்குப் பிறகு நான் கொண்டுவந்த எந்த மாப்பிள்ளைக்கும் அவள் தலையாட்டவில்லை. ஒஸ்லோவிலேயே ட்வெய்ட்டாவில் தனியாக இருக்கிறாள். பார்னஹாகனில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிற வேலை. யூலியனும் கட்டவில்லை. 2009இல் வடக்கிலேயே மாரடைப்பில் போய்விட்டான் என்று கோயில் வாசலில் கேள்விப்பட்டோம். அவள் திரும்பவும் உள்ளே போய் ஒரு மெழுகுதிரி கொளுத்தினாள். நான் வெளியே நின்றேன்.

இந்த வருடம் என் மகள் சிந்தியா, இப்போதைய பிள்ளைகள் செய்வதுபோல, எச்சிலைக் குப்பியில் துப்பி மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பினாள். அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு இங்கிலாந்திலிருந்து ரொஜர் வில்மட் என்றொருவர் எனக்குத் தபாலில் எழுதினார். ஓய்வுபெற்ற ஆசிரியர், ஹரியட்டின் அண்ணன் வழியில் வந்தவர். வம்சாவளி எழுதுகிறாராம். அந்த அண்ணனின் பெட்டிக்குள் ஹரியட் மன்னாரிலிருந்து எழுதிய ஏழு கடிதங்கள் கிடந்தனவாம். முதலாவதைத் தவிர ஒன்றும் உடைக்கப்படவில்லை. மற்ற ஆறையும் தானே உடைத்ததாகச் சொல்லி, எல்லாவற்றையும் தட்டச்சு செய்து அனுப்பியிருந்தார்.

மணியகாரரும் இல்லை, குதிரை வண்டியும் இல்லை. அவள் கட்டியது சங்கு குளிக்கிற ஒருவரை. மிஷன் அவளை வெளியேற்றியது. அண்ணன் கைகழுவிவிட்டார். கடைசிக் கடிதத்தில், பிள்ளைகளில் இரண்டு பேர் காய்ச்சலில் போனதைச் சொல்லிவிட்டு, ஒரு வரி போதும், திட்டியாவது எழுது என்று கேட்டிருந்தாள்.

வாசித்துவிட்டுக் குளியலறைக்குள் போய் அழுதேன். ஹரியட்டுக்காக அல்ல.

கார்த்திகை மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஈரப்பனி கொட்டிக்கொண்டிருக்க, கடிதங்களையும் ரொஜர் நிரப்பச் சொன்ன வம்சாவளித் தாளையும் எடுத்துக்கொண்டு ட்வெய்ட்டாவுக்குப் போனேன். அவள் பிறந்த தேதி வேண்டும் என்பது சாட்டு. உண்மையில், நாங்களும் கடலுக்குப் போனவர்கள்தான் என்று அவளிடம் சொல்லியாக வேண்டும். சொல்லி மன்னிப்புக் கேட்டால் மனம் கொஞ்சம் ஆறும் என்று நினைத்தேன். நான் கிழித்த கடிதங்களின் கதையைச் சொல்கிற எண்ணம் எனக்கு இருக்கவில்லை.

நான் சொன்ன எல்லாவற்றையும் கேட்டாள். மெல்ல ஒவ்வொரு தாளாக வாசித்து முடித்தாள்.

"உடைக்காட்டியும், ஹரியட்டின்ரை தமையன் எறியாமல் வைச்சிருந்திருக்கிறார், அண்ணை," என்றாள்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. தபால் பெட்டி, திறப்பு, குப்பைக் குழாய், எல்லாம் வந்துவிட்டது. தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன்.

அவள் தாள்களை ஒன்றாக அடுக்கி வைத்தாள். பிறகு, "அப்ப அவர் எழுதினவர்," என்றாள்.

"நாலு."

"நான் முப்பது வருசமா அவர் என்னை மறந்திட்டார் எண்டெல்லோ இருந்தனான்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம். அவள் வம்சாவளித் தாளை இழுத்தெடுத்துத் தன் பெயரைத் தேடினாள். பிறந்த தேதியை நிரப்பினாள். பக்கத்தில், கணவர் என்ற கட்டத்துக்குள், யூலியன், 1961–2009 என்று ஆங்கிலத்தில் வடிவாக எழுதினாள்.

"இதை அப்பிடியே அனுப்புங்கோ. இனி இஞ்சை வரவேண்டாம்," என்றாள்.

அப்படியே அனுப்பினேன். பத்து நாளில் ரொஜரின் பதில் வந்தது. மிகவும் சந்தோஷப்பட்டிருந்தார். உங்கள் சகோதரியின் கணவர் காலமானதை அறிந்து வருந்துகிறேன் என்று எழுதியிருந்தார். ஒரு சின்ன விடுபடல் மட்டும் இருக்கிறதாம். அவர்களுடைய கலியாணத் தேதி இல்லையாம். சகோதரியிடம் கேட்டு எழுத முடியுமா?

மக்டலீன் என் தொலைபேசியை எடுப்பதில்லை. நல்ல மனிதர் ரொஜர், போன கிழமை திரும்பவும் எழுதியிருக்கிறார். அந்தக் கடிதம் குசினி மேசையில் கிடக்கிறது. நான் அதை இன்னும் உடைக்கவில்லை.